உப்பு போர்வெல்லுக்கு எந்த மோட்டார்? கொட்டிவாக்கம் வீட்டுக்காரருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வியின் சாரம் இது. கொட்டிவாக்கத்தில் கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள் ஒரு மாடி வீடு. 70 அடி போர் (ஆழ்துளைக் கிணறு), தண்ணீர் மட்டம் 20 அடி. டிடிஎஸ் மீட்டர் 2,400 காட்டுகிறது. நான்கு ஆண்டுக்குள் இரண்டு சப்மெர்சிபிள் அரித்து வீணாகிவிட்டன. சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றும் அரை எச்பி மோனோபிளாக்கும் அடிக்கடி ஜாம் ஆகிறது. "ஒன்றரை எச்பி, ஃபுல் எஸ்எஸ் போடுங்க, துருவே பிடிக்காது" என்கிறார் கடைக்காரர். அதை வாங்கலாமா, வாங்கினால் எப்படிப் பார்த்துக்கொள்வது, பழைய மோட்டாரை ரீவைண்டிங் செய்து ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றரை எச்பி உங்கள் வீட்டுக்கு வேண்டாம். 'ஃபுல் எஸ்எஸ்', அதாவது முழுவதும் எவர்சில்வர், என்ற ஒரு சொல்லை நம்பியும் பணத்தைக் கொடுக்க வேண்டாம். உங்கள் பம்பைத் தின்பது தண்ணீரில் இருக்கும் குளோரைடு. கடலோர மணலில் பம்பு பெரிதாகப் பெரிதாக அந்தக் குளோரைடை நாமே அடியிலிருந்து மேலே வரவழைக்கிறோம். அதனால் எந்த உலோகம் என்பதையும் எவ்வளவு வேகமாக இறைக்கிறோம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். கடைகளில் முதல் கேள்விக்கு அரைகுறையாகவாவது பதில் கிடைக்கும். இரண்டாவதை யாரும் கேட்பதே இல்லை.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். டிடிஎஸ் என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தக் கணக்கு. அதில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, மெக்னீசியமும் உண்டு, சமையல் உப்பும் உண்டு. பம்புக்கு இவை எல்லாம் ஒன்றல்ல. சுண்ணாம்புச் சத்து வெள்ளைப் பொருக்காகப் படிந்து, தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரமான இம்பெல்லரை அடைக்கும், சுரண்டி எடுத்துவிடலாம். குளோரைடோ உலோகத்தையே துளைக்கும். உள்மாவட்டத்துக் கடின நீரில் பல வருடம் ஓடும் அதே மாடல் பம்பு, அதே டிடிஎஸ் காட்டும் கடற்கரை போரில் இரண்டு வருடத்தில் ஓட்டை விழுவதற்குக் காரணம் இதுதான்.

சோடியம் குளோரைடின் எடையில் ஏறக்குறைய 61 சதவீதம் குளோரைடு. உங்கள் 2,400 முழுவதும் சமையல் உப்பாகவே இருந்தாலும் லிட்டருக்கு 1,460 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்க வழியில்லை. கடற்கரைக்கு இவ்வளவு அருகில் அதில் பெரும்பங்கு உப்பாகத்தான் இருக்கும் என்பதால் 800 முதல் 1,200 வரை என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 குளோரைடுக்கு 250 என்று வரம்பு வைத்து, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1,000 வரை விட்டுக்கொடுக்கிறது. கடல்நீரில் ஏறக்குறைய 19,000.

உத்தேசத்தில் நின்றுவிடாமல், பம்பு வாங்குவதற்கு முன் ஒரு முறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் இருக்கின்றன. தனியார் ஆய்வகங்களும் செய்வார்கள். பம்பைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் எல்லாம் வெளியேறிய பிறகு, அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பாட்டிலில் பிடியுங்கள். குளோரைடு, பி.எச்., இரும்பு, கடினத்தன்மை இந்த நான்கும் போதும். பி.எச். 6.5-க்குக் கீழே இருந்தால் அது அமிலத் தண்ணீர்; கேரளத்தின் செம்பாறைக் கிணறுகளில் அது சகஜம், வார்ப்பிரும்பையும் பித்தளையையும் அரிக்கும். உங்கள் பக்கத்தில் அந்தத் தொல்லை பொதுவாக இருக்காது. பிடிக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர், வாளியில் ஒரு மணி நேரம் நின்ற பிறகு காவி நிறமாக மாறினால் இரும்பு இருக்கிறது என்று பொருள்.

இனி உலோகங்கள். இங்கேதான் ஏமாற்றமும் ஏமாறுதலும் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாதாரண மோனோபிளாக்கின் உடல் வார்ப்பிரும்பு. நல்ல தண்ணீரில் அதற்கு ஆயுள் அதிகம், விலையும் குறைவு. உப்புத் தண்ணீரில் அதற்கு வரும் சேதம் வெளிக்கண்ணுக்குத் தெரியாது. வார்ப்பிரும்பில் இரும்போடு கிராஃபைட்டும் கலந்திருக்கிறது. உப்புநீர் இரும்பை மட்டும் கரைத்துக்கொண்டு போய், கிராஃபைட்டை அதே வடிவத்தில் விட்டுவிடும். பார்த்தால் இம்பெல்லர் முழுசாகத்தான் தெரியும். கத்தியால் கீறினால் பென்சில் முனை மாதிரி உதிரும். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தண்ணி மட்டும் ஏறல" என்று பிளம்பர் சொன்னால் இதைச் சந்தேகப்படுங்கள்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. குளோரைடு உள்ள தண்ணீர் துத்தநாகத்தைத் தனியாக உருவி எடுத்துவிடும். மஞ்சளாக இருந்த பித்தளை செம்பு நிறமாகி, நுண்துளைகளோடு நொறுங்கும். ஃபுட் வால்வ், கேட் வால்வ், இம்பெல்லர் மூன்றிலும் இதைப் பார்க்கலாம். கன்மெட்டல் எனப்படும் வெண்கலத்தில் வெள்ளீயம் முக்கியக் கூட்டு. கப்பல் பம்புகளிலேயே பயன்படும் உலோகம் அது. உங்கள் வால்வுகளுக்குப் பித்தளையை விட அது மேல். அதைவிட யுபிவிசி வால்வு விலையும் குறைவு, கவலையும் இல்லை.

அடுத்தது எவர்சில்வர். இது துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் மேலே தானாக உருவாகும் மிக மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். கீறினாலும் ஆக்சிஜன் கிடைத்தால் உடனே மூடிக்கொள்ளும். குளோரைடு அந்தப் படலத்தை ஒரு புள்ளியில் உடைக்கும். உடைந்த இடத்தில் குளோரைடு சேர்ந்து அமிலமாகி, ஊசி குத்தியது போன்ற குழி ஆழமாகப் போகும். சமையலறையில் எவர்சில்வர் பாத்திரத்தில் உப்பைப் போட்டுக் கரைக்காமல் ஒரு இரவு விட்டால் அடியில் புள்ளி புள்ளியாக விழுகிறதே, அதே வேலைதான். போல்ட் தலைக்கு அடியில், கிளாம்புக்கு அடியில், பொருக்குப் படிந்த இடத்துக்கு அடியில் என்று ஆக்சிஜன் எட்டாத இடுக்குகளில் இது முதலில் தொடங்கும்.

எவர்சில்வரிலும் தரங்கள் உண்டு. 202 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவுச் சரக்கு. உங்கள் தண்ணீருக்கு ஆகவே ஆகாது. 304-இல் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சாதாரண வெப்பத்தில் குளோரைடு 200 வரை அதை நம்பலாம் என்பது தொழிலில் கடைப்பிடிக்கும் கணக்கு. 316-இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் 1,000 வரை தாங்கும். 410-இல் குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டித்தான். உறுதியானது என்பதால் ஷாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, செய்வதற்கு விரும்புவார்கள், ஆனால் உப்புக்கு அது பலவீனம். கடையில் 'எஸ்எஸ் பாடி' என்று காட்டும், நான்கு அங்குல போருக்கான பல வி4 பம்புகளில் பளபளக்கும் வெளிக்குழாய் 304, உள்ளே ஷாஃப்ட் 410, போல்ட்டுகள் என்ன தரம் என்று பெட்டியில் எழுதியிருக்காது. ஆகவே வெளிக்குழாய், ஷாஃப்ட், கப்ளிங், போல்ட், வடிகட்டி வலை, கேபிள் மூடி ஒவ்வொன்றும் என்ன தரம் என்று கேட்டு, பில்லிலோ கேட்டலாகிலோ எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

காந்தம் வைத்துச் சோதிக்கலாமே என்பார்கள். 410-ஐக் காந்தம் நன்றாகப் பிடிக்கும், 304 ஏறக்குறைய பிடிக்காது. அவ்வளவுக்குச் சரி. ஆனால் 202-ஐயும் காந்தம் பிடிக்காது. காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து நல்ல எவர்சில்வர் என்று முடிவு செய்துவிடாதீர்கள். 316-ஐக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு விட்டு மாலிப்டினம் பார்க்கும் சோதனை மருந்து இருக்கிறது. ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வைத்திருப்பார்கள்.

பிளாஸ்டிக் இம்பெல்லர் என்றால் பலருக்கு இளக்காரம். உப்புத் தண்ணீரில் நான் முதலில் தேடுவது அதைத்தான். நோரில் போன்ற பொறியியல் பிளாஸ்டிக்கைக் குளோரைடு ஒன்றும் செய்யாது. அதற்கு எதிரிகள் இரண்டு. ஒன்று மணல், தேய்த்துவிடும். இன்னொன்று தண்ணீர் இல்லாமல் ஓடுவது, சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் வழி செய்துவிட்டால் வார்ப்பிரும்பு, பித்தளை இம்பெல்லர்களை விட அது உங்களுக்கு அதிக நாள் உழைக்கும்.

ஆக, உங்கள் போருக்கு நான் சொல்லும் சேர்க்கை இது: நோரில் இம்பெல்லர், 316 வெளிக்குழாயும் ஷாஃப்டும் கிடைத்தால் அது, கிடைக்காவிட்டால், ஆயுள் குறையும் என்று தெரிந்தே 304 வெளிக்குழாயோடு 304-க்குக் குறையாத ஷாஃப்ட், எல்லாப் போல்ட்டும் 316. ஆய்வக முடிவில் குளோரைடு 1,000-ஐத் தாண்டியிருந்தால் 316-ஐயும் நம்ப முடியாது; அதற்கும் மேல் தரமான டூப்ளெக்ஸ் எவர்சில்வர் பம்புகள் இருந்தாலும் வீட்டுக்குக் கட்டுபடியாகாத விலை. அந்த நிலையில் ஏர் கம்ப்ரசர் முறைக்குப் போய்விடலாம். போருக்குள் இறங்குவது இரண்டு பிளாஸ்டிக் குழாய் மட்டுமே. கம்ப்ரசர் மேலே தரையில் நிற்கும். அரிக்க உள்ளே ஒன்றும் இல்லை, மணல் வந்தாலும் பயமில்லை. மின்சாரம் அதிகம் இழுக்கும், சத்தம் போடும், எண்ணெயைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும், குழாய் தண்ணீருக்குள் போதுமான ஆழம் மூழ்கியிருக்க வேண்டும். இத்தனை குறை இருந்தும் மிக உப்பான போர்களில் அதுதான் நிற்கிறது.

மோட்டாரில் தண்ணீர் நிரப்பியது, எண்ணெய் நிரப்பியது என்று இரண்டு வகை. வீட்டுக்குத் தண்ணீர் நிரப்பியதே போதும். எண்ணெய் நிரப்பியதில் சீல் போனால் எண்ணெய் உங்கள் குளியல் தண்ணீரில்தான் கலக்கும். ஆனால் இறக்குவதற்கு முன் அதில் நிரப்ப வேண்டியது நல்ல தண்ணீர். அங்கேயே கிடக்கும் போர் தண்ணீரை ஊற்றி மூடி இறக்குகிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

பம்புக்கு மேலே வரும் குழாயிலும் கவனம் வேண்டும். எவர்சில்வர் பம்போடு ஜிஐ குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, நேராக மாட்டினால் இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்து ஒரு பேட்டரியாகிவிடும். அதில் கரைவது ஜிஐ. நாளடைவில் மரைப்பகுதி மெலிந்துபோய், ஒரு நாள் பம்பு அறுந்து போருக்குள் விழுந்துவிடும். போருக்கென்றே வரும் தடித்த யுபிவிசி காலம் பைப் அல்லது எச்டிபிஇ குழாய் போடுங்கள். பம்பின் வாயில் மாட்டும் அடாப்டர் எவர்சில்வராக இருக்கட்டும். தொங்கவிடும் கயிறு நைலானாக இருக்கட்டும். உப்பு அதிகமுள்ள போர்களில் மோட்டார் உடலில் ஒரு துத்தநாகத் துண்டை உலோகத்தோடு உலோகம் படும்படி பொருத்தும் வழக்கமும் உண்டு. அது கரையும்வரை மோட்டார் பிழைக்கும், பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். மாற்றிக்கொடுக்க ஆள் இருந்தால் நல்ல ஏற்பாடு.

இப்போது எச்பி கணக்குக்கு வருவோம். தண்ணீர் மட்டம் 20 அடி. இறைக்கும்போது 30-க்கு இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். மாடித் தொட்டி தரையிலிருந்து 35 அடி. 65 ஆயிற்று. குழாய் உராய்வு, வளைவுகளுக்கு 10 அடி சேர்த்தால் 75 அடி, ஏறக்குறைய 23 மீட்டர். இந்த உயரத்துக்கு மணிக்கு 2,000 லிட்டர் ஏற்றத் தண்ணீருக்குத் தேவையான சக்தி 125 வாட். பம்பின் திறன் 35 சதவீதம்தான் என்று குறைவாகவே வைத்தாலும் 360 வாட் போதும். ஒரு எச்பி 746 வாட். அதாவது அரை எச்பி பம்பு உங்கள் 1,000 லிட்டர் தொட்டியை அரை மணி நேரத்தில் நிரப்பிவிடும். நல்ல கடையில் ஒவ்வொரு மாடலுக்கும் எந்த உயரத்தில் எவ்வளவு தண்ணீர் என்று அட்டவணை இருக்கும். எச்பியைக் கேட்பதற்குப் பதிலாக 23 மீட்டரில் எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். ஐ.எஸ். 8034 என்பது சப்மெர்சிபிள் பம்புகளுக்கான இந்தியத் தரம், அந்த முத்திரையும் இருக்கட்டும்.

தண்ணீர் 20 அடியில்தானே இருக்கிறது, மேலேயே ஒரு மோனோபிளாக் வைத்து உறிஞ்சலாமே என்று தோன்றும். உறிஞ்சுவதற்கு நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடிதான் எல்லை. இறைக்கும்போது மட்டம் 30-க்கு இறங்கினால் காற்று வாங்கும். சப்மெர்சிபிள்தான் சரி.

ஒன்றரை எச்பி ஏன் கெடுதல் என்பது மண்ணுக்கு அடியில் இருக்கிறது. கடலோர மணலில் மழைத்தண்ணீர் கனம் குறைவு என்பதால் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி இருந்தால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நல்ல தண்ணீர் நிற்கும். நூறு வருடத்துக்கு மேலாக நீரியலில் நிலைத்திருக்கும் கணக்கு இது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்பார்கள். அதைத் திருப்பிப் பாருங்கள்: வேகமாக இறைத்து மட்டத்தை ஒரு அடி தாழ்த்தினால், அதே நிலை நீடிக்கும்போது கீழிருக்கும் உப்பு 40 அடி மேலே ஏறத் துடிக்கும். பம்புக்கு நேர் கீழே உப்பு கூம்பாகக் குவிந்து எழும்பும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் பல பத்தாண்டுகள் அளவுக்கு மீறி இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒரு வீட்டு போரில் அதே காரியம் சிறிய அளவில் நடக்கிறது.

அதனால் சின்ன பம்பு, மெதுவான இறைப்பு. ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் ஓட்டாமல் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று பிரித்து ஓட்டுங்கள். பம்பை 70 அடி போரின் அடிவரை இறக்காதீர்கள். அடியில்தான் உப்பும் மணலும். கோடையில் இறங்கும் மட்டத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு அடி மூழ்கியிருந்தால் போதும். உங்கள் வீட்டில் 45 அடி சரியாக வரும் என்று நினைக்கிறேன். ஓட்டும்போது முதல் நிமிடத்திலும் 30-ஆவது நிமிடத்திலும் டிடிஎஸ் எடுத்துப் பாருங்கள். 2,400-இல் தொடங்கி 3,000-க்குப் போகிறது என்றால் வேகம் அதிகம், அல்லது பம்பு ஆழத்தில் இருக்கிறது.

வீட்டில் பழைய உறைகிணறு மூடிக்கிடந்தால் அதைத் திறந்து தூர் வாருங்கள். மணற்பகுதியில் அகலமான, ஆழம் குறைந்த கிணறுதான் மேலே மிதக்கும் நல்ல தண்ணீரை மட்டும் வழித்து எடுக்கும். ஆழ்துளைக் கிணறு வந்த வேகத்தில் கடற்கரைக் குடியிருப்புகளில் நாம் மூடிப்போட்ட நல்ல ஏற்பாடு அது. மழைநீர்ச் சேகரிப்பும் அப்படித்தான். 2003-இல் சட்டம் வந்தபோது போட்ட குழி இன்று பல வீடுகளில் சேறு அடைத்துக் கிடக்கிறது. சென்னையில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழுவதில் எண்பது சதவீதம் மண்ணுக்குள் போனாலும் வருடத்துக்கு ஒரு லட்சம் லிட்டர். அது உங்கள் பம்பைச் சுற்றியே நிற்கப்போகிற தண்ணீர். எவர்சில்வர் தரத்தை ஒரு படி கூட்டுவதை விட, குழியைத் தூர் வாரிக் குளோரைடைக் குறைப்பது பம்பின் ஆயுளுக்கு அதிகம் உதவும்.

சம்ப்பில் இருக்கும் அரை எச்பி மோட்டார் ஜாம் ஆவது தனிக் கதை. நம் ஊர் வீடுகளில் சம்ப்புக்குப் போடும் செல்ப் பிரைமிங் மினி மோட்டாரில் இம்பெல்லருக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி மயிரிழைதான். அந்த இறுக்கத்தால்தான் சின்ன மோட்டார் அவ்வளவு உயரம் ஏற்றுகிறது. உடல் வார்ப்பிரும்பு என்றால் நான்கைந்து நாள் ஓட்டாமல் விட்டாலே துரு அந்த இடைவெளியை நிரப்பிவிடும். சுவிட்சைப் போட்டதும் "ம்ம்ம்" என்று உறுமும், சுற்றாது. அப்படியே விட்டால் சில நிமிடத்தில் காயில் எரியும். அந்தச் சத்தம் கேட்டதும் அணைத்து, மெயினையும் எடுத்துவிட்டு, பின்பக்கம் விசிறி மூடியின் நடுவே தெரியும் ஷாஃப்ட் முனையைத் திருப்புளியால் இரண்டு பக்கமும் அசைத்துச் சுற்றிவிடுங்கள். கையால் தாராளமாகச் சுற்றிய பிறகே சுவிட்ச். சுற்றவே இல்லையென்றால் சுத்தியலால் தட்டாதீர்கள், உடலைத் திறந்து துருவை எடுக்க வேண்டும்.

அடுத்த முறை மாற்றும்போது அந்த வகையையே விட்டுவிடுங்கள். 316 அல்லது 304 எவர்சில்வர் உடலும் பிளாஸ்டிக் இம்பெல்லரும் உள்ள சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்பு, அல்லது அதே பொருட்களில் கிடைமட்ட மல்டிஸ்டேஜ் பம்பு வாங்கலாம். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்த சம்ப் என்றால் குளோரைடு குறைந்திருக்கும், 200-ஐ ஒட்டி இருந்தால் 304 தாக்குப்பிடிக்கும். வார்ப்பிரும்பு தவிர்க்க முடியாது என்றால் உள்ளும் புறமும் சிஇடி பூச்சு, அதாவது மின்சாரத்தால் படியவைக்கும் பெயின்ட், கொடுத்ததா என்று கேளுங்கள். பூச்சு கீறாதவரை அது நன்றாகக் காக்கிறது. கடற்காற்றுக்காக மோட்டாரைச் சாக்கு, பிளாஸ்டிக் தாள் சுற்றி மூடிவைக்கும் பழக்கத்தை விடுங்கள். காற்றோட்டம் இல்லாமல் சூடேறும், உள்ளே ஈரம் வேர்க்கும். தரையிலிருந்து அரை அடி உயர்த்திய மேடையும் மேலே ஒரு தகர நிழலும் போதும்.

பராமரிப்பில் எல்லாவற்றுக்கும் முதலாவது, உப்புத் தண்ணீரில் பம்பைச் சும்மா நிறுத்தி வைக்காதீர்கள். எவர்சில்வர் ஓடும் தண்ணீரில் தாங்குவதை விடத் தேங்கிய தண்ணீரில் விரைவாகக் குழி விழும். வெளியூர் போனால் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஓட்டச் சொல்லி யாரிடமாவது சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.

இரண்டாவது, பிளீச்சிங் பவுடரும் பாத்ரூம் ஆசிட்டும். சம்ப் கழுவும்போது கெட்டியான பிளீச்சிங் கரைசலைப் பம்பு வழியாக ஓட்டி, அப்படியே ராத்திரி விட்டுவிடுகிறார்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரை ஓட்டி வெளியேற்ற வேண்டும். பொருக்கு எடுக்கப் பாத்ரூம் ஆசிட் ஊற்றுவது அதைவிட மோசம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரைடுக்குப் பயந்து வாங்கிய எவர்சில்வர் மேல் குளோரைடையே ஊற்றுவது. அதற்குப் பதில் எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் ஆசிட் லிட்டருக்கு 50 கிராம் கரைத்து, பம்புப் பகுதியை மட்டும் சில மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். மோட்டார் பகுதி நனையக் கூடாது.

தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று மாதம் ஒரு முறை சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எலக்ட்ரீஷியன் வரும்போது கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி நாற்பது நிமிடமாகி ஆம்பியரும் குறைந்தால் இம்பெல்லர் தேய்மானம், அடைப்பு, அல்லது மட்டம் இறங்கியிருக்கிறது. ஆம்பியர் கூடினால் பேரிங், உராய்வு, அல்லது வோல்டேஜ் குறைவு. மேலே இருக்கும் மோட்டாரில் பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்தால் மெக்கானிக்கல் சீல் போயிருக்கிறது. அது சின்னச் செலவு. தள்ளிப்போட்டால் உப்புத் தண்ணீர் பேரிங்கில் ஏறி, பிறகு காயில் வரை போகும்.

புதிய சப்மெர்சிபிளைச் சரியாக ஒரு வருடத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு முறை மேலே தூக்கிப் பாருங்கள். எதற்கு வீண் செலவு என்பார்கள். உங்கள் தண்ணீர் அந்த உலோகத்தை ஒரு வருடத்தில் என்ன செய்கிறது என்று அப்போதுதான் தெரியும். போல்ட்டுகள், கிளாம்ப் அடி, வெல்டிங் ஓரம், அடாப்டர் மரை இவற்றை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். தேநீர்க் கறை போன்ற நிறம் மட்டும் என்றால் கழுவி இறக்கிவிடலாம், அடுத்த சோதனை இரண்டு வருடம் கழித்து. நகம் மாட்டுகிற குழி இருந்தால் வருடா வருடம் தூக்க வேண்டியதுதான். தூக்கும்போதே மோட்டாருக்குள் இருக்கும் தண்ணீரை மாற்றி, கேபிள் ஜாயின்டைப் புதிதாகக் கட்டி, மெக்கர் என்ற மீட்டரை வைத்து மின்காப்பும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் ஓவர்லோடு, டிரை ரன் தடுப்பு இரண்டும் இருக்கட்டும். பிளாஸ்டிக் இம்பெல்லருக்கு டிரை ரன் தடுப்பு கட்டாயம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அரித்த கேபிள் ஜாயின்ட் ஒன்று போதும், சம்ப் தண்ணீர் முழுவதும் மின்சாரம் பாயும். மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடாமல் எந்த நீர்மூழ்கிப் பம்பையும் ஓட்டாதீர்கள். மெயினை அணைக்காமல் சம்ப்புக்குள் கையை விடக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும், வேலைக்கு வருபவர்களுக்கும், குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, கழற்றி வைத்திருக்கும் பழைய இரண்டு சப்மெர்சிபிள்கள். ரீவைண்டிங் செய்வது காயில் மட்டும் எரிந்து உலோகம் நன்றாக இருந்தால் லாபம். உங்களுடையதில் உடலே அரித்திருக்கிறது என்கிறீர்கள். மோட்டார் உறையைக் கழுவித் துடைத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். மோட்டார் உறையிலோ சீல் உட்காரும் இடத்திலோ ஒரு குழி இருந்தாலும் காயிலுக்குச் செலவழிக்காதீர்கள், அதே வழியில் தண்ணீர் மறுபடி உள்ளே போகும். குழி பம்புப் பகுதியில் மட்டும் இருந்து மோட்டார் சுத்தமாக இருந்தால், அதே எச்பிக்கு நோரில் இம்பெல்லர் உள்ள பம்புப் பகுதியைத் தனியாக வாங்கி மாட்டலாம். அப்படி ஒன்று தேறினால் அதைச் சம்ப்பிலோ நல்ல தண்ணீரிலோ ஓட்டுங்கள். மறுபடி அந்தப் போருக்குள் இறக்க வேண்டாம்.